கரும்பின் முதிர்ச்சியை அறிய கைக்கருவி: மானி காட்டுவது எல்லாம் சர்க்கரை அல்ல

கரும்பு சாகுபடியில் பத்து மாதம் பாடுபட்டு வளர்த்த பயிரின் பலன், கடைசி ஒரு மாதத்தில் எப்போது வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. பதினைந்து நாள் முன்னதாக வெட்டினால் சாறு நீர்த்திருக்கும். காலம் கடந்து வெட்டினால் சேர்ந்த சர்க்கரை கரும்புக்குள்ளேயே சிதையத் தொடங்கும். இரண்டிலும் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

காட்பாடி, குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு வட்டாரங்களில் கரும்பு பயிரிடுவோர் முதிர்ச்சியை அறியப் பழைய முறைகளையே கையாண்டு வருகின்றனர். சோகை மஞ்சளித்துக் காய்வது, வளர்ச்சி நின்று மேல் கணுவிடைகள் குறுகுவது, கரும்பைத் தட்டினால் கணீரென்று ஒலிப்பது, வளைத்தால் கணுவில் சட்டென ஒடிவது, கடித்தால் நுனி வரை தித்திப்பது ஆகியவை அந்த அடையாளங்கள். இவை பயனுள்ளவையே. ஆனால் வறட்சியால் காய்ந்த சோகையும் மஞ்சளாகத்தான் இருக்கும். ஒருவர் நாக்குக்குத் தித்திப்பது இன்னொருவருக்குச் சப்பென்று இருக்கும். இந்தக் குறையைப் போக்கவே கை ரிப்ராக்டோமீட்டர் என்னும் சிறு கருவி பயன்படுகிறது. சர்க்கரை ஆலைகளின் களப்பணியாளர்கள் இதை வயலுக்கு எடுத்து வருவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். சாதாரண கைக்கருவி இன்று ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பத்து விவசாயிகள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொண்டால் போதும்.

கருவி வேலை செய்யும் விதம்

தண்ணீர் உள்ள டம்ளரில் போட்ட குச்சி வளைந்தது போல் தெரிகிறது. ஒளி நீரிலிருந்து காற்றுக்குள் வரும்போது திசை மாறுவதே காரணம். நீரில் சர்க்கரை கரைந்திருந்தால் ஒளி இன்னும் அதிகமாக வளையும். சுத்தமான தண்ணீரின் ஒளிவிலகல் எண் 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 1.333. நூற்றுக்கு 20 பங்கு சர்க்கரை கரைந்த நீருக்கு அது 1.364. இந்தச் சிறு வித்தியாசத்தை அளக்கும் கருவியை ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அபே என்ற விஞ்ஞானி 1874-இல் விளக்கினார். கருவியில் குறித்துள்ள அளவுக்கு, அதே நாட்டைச் சேர்ந்த அடால்ப் பிரிக்ஸ் என்பவரின் பெயரால் 'பிரிக்ஸ்' என்று பெயர். 100 கிராம் சர்க்கரை நீரில் 18 கிராம் சர்க்கரை இருந்தால் அது 18 பிரிக்ஸ்.

கருவி ஒரு சாண் நீளக் குழாய் போல இருக்கும். ஒரு முனையில் சாய்வான கண்ணாடிப் பட்டகமும் அதன்மேல் ஒளி புகும் மூடியும் உண்டு. மறுமுனையில் கண் வைத்துப் பார்க்கும் வில்லை உண்டு. பட்டகத்தின்மேல் இரண்டு மூன்று சொட்டுச் சாறு விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் உள்ளே மேல்பகுதி நீலமாகவும் கீழ்ப்பகுதி வெள்ளையாகவும் தெரியும். இரண்டும் சேரும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே பிரிக்ஸ் அளவு. கரும்புச் சாற்றுக்கு 0 முதல் 32 வரை அளவுள்ள கருவி ஏற்றது. தேன் பார்க்கும் கருவியில் அளவு 58 முதல் 90 வரை இருக்கும். அதைக் கரும்புக்கு வாங்கி ஏமாறக் கூடாது.

வீட்டில் பழகிக்கொள்ளும் முறை

புதுக்கருவியை நேரே வயலுக்கு எடுத்துச் செல்லாமல் முதலில் வீட்டில் சோதித்துக்கொள்வது நல்லது. காய்ச்சி வடித்த நீர் அல்லது சுத்தமான மழைநீர் இரண்டு சொட்டு விட்டால் கோடு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவியோடு வரும் சிறு திருப்புளியால் திருகைத் திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். கிணற்று நீரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

அடுத்து, நல்ல தராசில் 10 கிராம் சர்க்கரையும் 90 கிராம் தண்ணீரும் நிறுத்து முழுவதும் கரைத்து அளந்தால் மானி 10 காட்ட வேண்டும். பலர் 100 கிராம் நீரில் 10 கிராம் சர்க்கரையைப் போட்டுவிட்டுக் கருவி 9 காட்டுகிறதே என்று குறை சொல்வதுண்டு. மொத்த எடை 110 கிராம் ஆகிவிட்டதால் 9 காட்டுவதே சரி. 20 கிராம் சர்க்கரை, 80 கிராம் நீர் என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டால் கருவியின்மேல் நம்பிக்கை வரும்.

வெயிலும் மானியும்

அளவுகள் 20 டிகிரி வெப்பத்துக்கு வகுக்கப்பட்டவை. வெப்பம் கூடினால் மானி குறைத்துக் காட்டும். 30 டிகிரியில் பார்க்கும்போது ஏறத்தாழ 0.8 கூட்டிக்கொள்ள வேண்டும். மானி 18.4 காட்டினால் உண்மை அளவு 19.2. தானாகவே வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும் கருவிகளும் உண்டு. அவற்றுக்கு எதையும் கூட்ட வேண்டாம். ஆனால் அவை பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைதான் சரிசெய்யும். வேலூர் வெயிலில் நடுப்பகலில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே எந்தக் கருவியானாலும் காலை வேளையில் நிழலில் வைத்துப் பார்ப்பதே சரியானது. வெயிலில் கிடந்த கருவியை எடுத்தவுடன் பயன்படுத்தக் கூடாது.

வயலில் மாதிரி எடுத்தல்

கரும்பு பத்தாவது மாதத்தை எட்டியதும் சோதனையைத் தொடங்கி, பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்துவர வேண்டும். மறுதாம்புப் பயிர் நடவுப் பயிரை விட முன்னதாக முதிரும் என்பதால் அதை முன்கூட்டியே பார்க்கத் தொடங்கலாம்.

வரப்போரக் கரும்பு, சாய்ந்த கரும்பு, துளைப்பான் தாக்கிய கரும்பு, பூத்த கரும்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக நடந்து, ஏக்கருக்குப் பத்துக் கரும்பாவது பார்க்க வேண்டும். நீர் பாய்ச்சிய மறுநாளோ மழை பெய்த மறுநாளோ பார்த்தால் சாறு நீர்த்து எண் குறைவாகக் காட்டும். சில நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு கரும்பிலும் இரண்டு இடத்தில் சாறு எடுக்க வேண்டும். ஒன்று, தரையிலிருந்து மூன்றாவது கணுவிடை. மற்றொன்று, சோகை உரிந்து முற்றிய பகுதியில் உச்சியில் உள்ள கணுவிடை. துளையூசியால் கணுவிடையின் நடுவில் குத்தி வழியும் சாற்றைப் பட்டகத்தில் விடலாம். ஊசி இல்லாவிட்டால் துண்டாக நறுக்கிப் பிழிந்துகொள்ளலாம். ஒவ்வொரு முறையும் பட்டகத்தை நீரில் கழுவி மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முன்பார்த்த சாறு ஒட்டியிருந்தால் அடுத்த எண் பிழையாகும். பார்த்த எண்களைத் தேதியுடன் நோட்டில் குறித்து வைப்பது அவசியம்.

அடியும் நுனியும்

ஒரே இடத்தில் பார்த்த எண்ணை வைத்து முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. கரும்பில் சர்க்கரை அடிக்கணுவில் முதலில் சேர்ந்து, படிப்படியாக மேலே ஏறுகிறது. நுனி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே அடிக்கணு மட்டும் 20 காட்டினால் கரும்பு முற்றிவிட்டது என்று பொருளல்ல. நுனி எண்ணை அடி எண்ணால் வகுத்து வரும் விகிதமே முதிர்ச்சியைக் காட்டும்.

உதாரணமாக மூன்று வயல்களை எடுத்துக்கொள்வோம். முதல் வயலில் அடி 20, நுனி 14. விகிதம் 0.70. இது முதிராத கரும்பு. இன்னும் சில வாரம் விட வேண்டும். இரண்டாவது வயலில் அடி 20.5, நுனி 19.7. விகிதம் 0.96. இதுவே வெட்டும் பருவம். மூன்றாவது வயலில் அடி 18, நுனி 19. விகிதம் 1.06. இங்கே அடிக்கணுவில் சர்க்கரை சிதையத் தொடங்கிவிட்டது. இதைத் தாமதமின்றி வெட்ட வேண்டும்.

பொதுவாக எண் 18-க்குக் குறையாமலும் விகிதம் ஒன்றை நெருங்கியும் இருந்தால் அறுவடைக்கு ஏற்றது. 20-ஐ எட்டினால் மிகவும் நல்லது.

வெல்லம் காய்ச்சுவோருக்கு என்ன லாபம்?

ஒரு டன் கரும்பை ஆடினால் 600 கிலோ சாறு கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். சாறு 16 பிரிக்ஸ் இருந்தால் அதில் கரைந்துள்ள திடப்பொருள் 96 கிலோ. 20 பிரிக்ஸ் இருந்தால் 120 கிலோ. டன்னுக்கு 24 கிலோ வித்தியாசம். ஏக்கருக்கு 40 டன் விளைந்தால் 960 கிலோ. அழுக்காகக் கழிவது போனாலும் மண்டிக்குப் போகும் வெல்லத்தில் இது பெரிய அளவு.

அடுப்புச் செலவிலும் மிச்சம் உண்டு. 16 பிரிக்ஸ் சாற்றில் ஒரு கிலோ திடப்பொருளுக்கு ஐந்தேகால் கிலோ நீரைச் சுண்ட வைக்க வேண்டும். 20 பிரிக்ஸ் சாற்றில் நான்கு கிலோ நீர் சுண்டினால் போதும். கொப்பரை சீக்கிரம் இறங்கும். சோகையும் சக்கையும் மிஞ்சும். பாகு அதிக நேரம் கொதித்துக் கறுப்பதும் குறையும்.

ஆலைக்கு அனுப்புவோர் நிலை வேறு. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கரும்பு விலை, 10.25 சத சர்க்கரைக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு ரூ.355. கட்டுமானம் 9.5 சதத்துக்குக் கீழே போனாலும் ரூ.329.05 உண்டு. ஆனால் இந்தக் கட்டுமானம் தனித்தனி விவசாயியின் கரும்புக்குக் கணக்கிடப்படுவதில்லை. ஆலை முழுவதுக்கும் எடுத்த சராசரி. ஆகவே ஒருவர் வயலில் 21 பிரிக்ஸ் காட்டினாலும் அவருக்கென்று தனியாக விலை கூடாது. ஆயினும் திருவலத்தை அடுத்த அம்முண்டியில் உள்ள வேலூர் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் பதிவு செய்தவர்கள் தம் நோட்டில் உள்ள எண்களைக் கரும்பு அலுவலரிடம் காட்டி, முதிர்ந்த வயலுக்கு முன்னதாக வெட்டு உத்தரவு கேட்கலாம். முதிர்ந்தது முதலில் என்ற வரிசை ஒழுங்காக நடந்தால் ஆலையின் சராசரி உயரும். அது எல்லோருக்கும் பொதுவான நன்மை.

உப்பு நீர்ப் பாசனமும் மானியின் பொய்யும்

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொது. பாலாற்றங்கரையில் தோல் தொழில் நடக்கும் வட்டாரத்து விவசாயிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 5 கிராம் சமையல் உப்பை 95 கிராம் நீரில் கரைத்து மானியில் பார்த்தால் ஏறத்தாழ 6 பிரிக்ஸ் காட்டும். அதில் ஒரு துளிகூடச் சர்க்கரை இல்லை. மானிக்கு இனிப்பு தெரியாது, உவர்ப்பும் தெரியாது. நீரில் கரைந்த எதுவும் ஒளியை வளைக்கும். அந்த வளைவை மட்டும் அது காட்டுகிறது. பட்டைநீரில் தோல் பதனிடுவோர் அதன் வலிமையை அறிய மிதக்கவிடும் பார்க்கோமீட்டரும் இப்படித்தான். நீரின் அடர்த்தியைச் சொல்லுமே தவிர, அதில் பதனிடும் சத்து எவ்வளவு, வேறு சரக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

பதனிட வரும் தோல் கெடாமலிருக்க உப்பிட்டே வருகிறது. அதை ஊறவைத்துக் கழுவும் நீரில் உப்பு மிகுதி. பல பத்தாண்டுகள் இத்தகைய கழிவுநீர் ஆற்றிலும் நிலத்திலும் சேர்ந்து கிணறுகள் உவர்ந்தன. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையக் கணக்கு, உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் குறிக்கப்பட்டுள்ளது. பாலாற்று மாசு குறித்து அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்றும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் மாசை அகற்றவும் உத்தரவிட்டது.

உவர் நீர் பாய்ந்த கரும்பு உப்பையும் உறிஞ்சுகிறது. சாற்றில் சோடியம், குளோரைடு, பொட்டாசியம் கூடுகின்றன. சோதனையில் போட்டது போல 5 சத உப்பு சாற்றில் வராது. மானியில் உப்பினால் ஏறுவது சிறிதளவே. ஆனால் நீரை உறிஞ்ச முடியாமல் குட்டையாக நின்ற கரும்பில் சாறும் குறைவு. உள்ள சாறு கெட்டியாக இருப்பதால் எண் நன்றாகவே தெரியும். அந்தச் சாற்றில் உள்ள உப்பு, சர்க்கரை மணியாகச் சேர்வதைத் தடுக்கும். வெல்லம் இறுகாமல் பிசுபிசுக்கும், நிறம் கறுக்கும், கரிக்கும், மழைக்காலத்தில் கசிந்து உருகும். எண்ணை நம்பிக் காய்ச்சியவர் மண்டியில் விலை குறைந்த பிறகுதான் உண்மையை அறிவார்.

இதைப் பிரித்தறிய உதவுவது சாற்றின் தூய்மை. சாற்றில் உள்ள உண்மையான சர்க்கரையை ஆய்வுக்கூடத்தில் போலாரிமீட்டர் என்ற வேறு கருவியால் அளப்பார்கள். அந்த அளவை பிரிக்ஸால் வகுத்து நூறால் பெருக்கினால் தூய்மைச் சதம் வரும். முதிர்ந்த நல்ல கரும்பில் இது 85-க்கு மேல் இருக்கும். இரண்டு சாறும் 20 பிரிக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் சர்க்கரை 17.6, தூய்மை 88. மற்றதில் சர்க்கரை 15, தூய்மை 75. மானியில் இரண்டும் ஒன்றே. 600 கிலோ சாற்றில் முதலாவதில் 105 கிலோவுக்கு மேல் சர்க்கரை உண்டு. இரண்டாவதில் 90 கிலோதான்.

சந்தேகம் உள்ளவர்கள் செய்ய வேண்டியவை

கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்பி, மின்கடத்தும் திறனை அறிந்துகொள்ள வேண்டும். மண் சாற்றில் இது 1.7 டெசிசீமன்ஸைத் தாண்டினால் கரும்பு மகசூல் குறையத் தொடங்கும். பழைய கணக்கில் இதையே மில்லிமோஸ் என்பர். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும், குடியாத்தம் அருகே மேலாலத்தூரில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

முழு வயலையும் வெட்டுமுன் ஒரு கட்டுக் கரும்பை மட்டும் ஆடி, சிறு பாத்திரத்தில் காய்ச்சிப் பார்ப்பது எளிய வழி. பாகு இறுகுகிறதா, ஆறியபின் கரிக்கிறதா என்று பார்த்தால் வயலின் தன்மை விளங்கிவிடும். இறுகாத சாறு என்று தெரிந்தால் அதை வெல்லத்துக்குக் காய்ச்சி விறகையும் கூலியையும் வீணாக்காமல், பதிவு இருந்தால் ஆலைக்கே அனுப்பிவிடலாம்.

நல்ல நீரும் உவர் நீரும் இரண்டும் கிடைக்கும் இடத்தில் முளைப்புப் பருவத்துக்கு நல்ல நீரையே தர வேண்டும். வடிகால் வெட்டி, மழைநீரால் உப்பு கழுவப்பட வழி செய்ய வேண்டும். தொழு உரமும் பசுந்தாள் உரமும் தாராளமாக இட்டு, சோகையை எரிக்காமல் பார்களில் பரப்ப வேண்டும். மியூரியேட் ஆப் பொட்டாஷில் குளோரைடு இருப்பதால் சிபாரிசுக்கு மேல் இடக் கூடாது. தழைச்சத்தை 90 நாளுக்குப் பிறகு இட்டால் முதிர்ச்சி தள்ளிப்போய்ச் சாற்றின் தரமும் கெடும்.

வெட்டிய பின்னும் கவனம் தேவை

வெட்டிய கரும்பு காயக் காய நீர் வற்றி, மானியில் எண் ஏறும். இதைக் கண்டு மகிழக் கூடாது. உள்ளே சர்க்கரை வெல்லமாகாத வேறு இனிப்பாகச் சிதைந்துகொண்டிருக்கும். மொத்த எடையும் குறையும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆடிவிடுவதே நல்லது. முடியாவிட்டால் நிழலில் அடுக்கிச் சோகையால் மூடி நீர் தெளித்து வைக்கலாம்.

கருவியின் பராமரிப்பும் மற்றப் பயன்களும்

வேலை முடிந்ததும் பட்டகத்தை நீரால் துடைத்து உலர்த்தி உறையில் வைக்க வேண்டும். குழாயை நீரில் முக்கக் கூடாது. மணல் ஒட்டிய துணியால் துடைத்தால் பட்டகத்தில் கீறல் விழும்.

தக்காளி, மாம்பழம், தர்ப்பூசணி ஆகியவற்றின் இனிப்பையும் இதே கருவியால் பார்க்கலாம். வீட்டில் காப்பி டிகாஷன் திடமாக இறங்கியதா என்றும் அளக்கலாம். டிகாஷனை ஆறவைத்து வடிகட்டி, பாலும் சர்க்கரையும் கலக்குமுன் பார்க்க வேண்டும். வந்த எண்ணை 0.85-ஆல் பெருக்கினால் கரைந்த காப்பிச் சத்தின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். ஆனால் சிக்கரி கலந்த தூளானால் கரைந்த சிக்கரியும் அந்த எண்ணில் சேர்ந்தே வரும். கரும்புச் சாற்றுக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

கைக்கருவியின் எண், அடிநுனி விகிதம், கிணற்று நீரின் தன்மை, நாக்கின் சுவை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்து வெட்டும் நாளைக் குறிக்கும் விவசாயி ஏமாறமாட்டார். ஒரே மண்ணில் விளைந்த கரும்பிலேயே ஏக்கருக்குப் பல நூறு கிலோ வெல்லம் கூடுதலாகப் பெறலாம்.